கிடேரி ஏன் இன்னும் பருவத்துக்கு வரவில்லை? டேப்பில் தொடங்கி சினை ஊசி வரை

"கிடேரிக்கு ரெண்டு வயசாச்சு, இன்னும் ஒரு தடவைகூடக் கத்தல. ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்." கிடேரி என்பது இன்னும் ஈனாத இளம் பசு. அது கத்துவது பருவம் வந்ததன் ஓர் அறிகுறி. கால்நடை மருந்தகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இதைக் கேட்காமல் வர முடியாது. ஊசி தேவைப்படும் கிடேரிகள் உண்டு, ஆனால் குறைவு. பெரும்பாலானவற்றுக்குத் தேவை நாற்பது ஐம்பது கிலோ உடல் எடை. அதை எந்த ஊசியும் கொடுக்காது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுச் சமவெளியில் அதிகம் வளர்க்கப்படும் ஜெர்சி கலப்பினக் கிடேரிகளுக்கானது. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்புக்கும் முறை இதேதான், எடைக் கணக்கு மட்டும் கூடும். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் போன்ற நாட்டு இனங்கள் இயல்பாகவே தாமதமாகப் பருவத்துக்கு வருபவை. காங்கேயக் கிடேரி இரண்டரை வயதில் கத்தவில்லை என்றால் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்சி கலப்பு அந்த வயதில் கத்தாமல் நின்றால் கோளாறுதான்.

வரிசை முக்கியம். முதலில் எடை, அடுத்து பரிசோதனை, புழு நீக்கம், தீவனமும் தாது உப்பும், பருவ அறிகுறி கவனிப்பு, கடைசியில்தான் ஊசி. இதைத் தலைகீழாகச் செய்வதால் பணமும் போகிறது, மாதங்களும் போகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண இஞ்ச் டேப் போதும். அறுபது அங்குலத்தில் முடிந்துவிடும் டேப் வளர்ந்த மாட்டுக்குப் பத்தாது, கொஞ்சம் நீளமானதாக வாங்குங்கள்.

ஒரு நோட்டு, அல்லது கட்டுத்தறிச் சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டர். போனில் குறித்துக்கொள்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் குறிப்பதில்லை. வீட்டில் மாடு பார்ப்பவர் ஒருவர், போன் வைத்திருப்பவர் இன்னொருவர்.

கிடேரியின் பிறந்த தேதி தெரிந்தால் நல்லது. சந்தையில் வாங்கியது என்றால் பல்லைப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. "பல்லே போடலீங்க, சின்னக் கன்னு" என்று விற்பவர் சொன்னாலும் உதட்டை விலக்கி நீங்களே பாருங்கள். இரண்டு பல் போட்டும் பருவத்துக்கு வராத கலப்பினக் கிடேரியை வாங்கினால், முந்தைய வீட்டின் தீவனக் குறையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

2. எத்தனை கிலோ வர வேண்டும்

பருவம் வயதைப் பார்த்து வருவதில்லை. உடலில் சத்து மிச்சம் இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போக வேண்டும். அது போனால்தான் சினைப்பையை (சினைமுட்டை உருவாகும் உறுப்பு) தூண்டும் ஹார்மோன் அடிக்கடி சுரக்க ஆரம்பிக்கும். தின்பது உயிர் பிழைக்கவும் எலும்பு வளரவும் மட்டுமே சரியாக இருந்தால், இனப்பெருக்கத்தை உடல் கடைசிக்குத் தள்ளிவிடும். வறட்சிக் காலத்தில் மாடு பிழைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது, கோளாறு இல்லை.

கணக்கு எளிது. அந்த இனப் பசு முழுதாக வளர்ந்தால் என்ன எடை வருமோ, அதில் பாதியை நெருங்கும்போது முதல் பருவம் வரத் தொடங்கும். அறுபது சதவீதத்தைத் தாண்டியதும் சினைக்கு விடலாம்.

ஜெர்சி கலப்புப் பசு 380 முதல் 400 கிலோ என்று வைத்தால், 230 முதல் 240 கிலோவில் சினை ஊசி (செயற்கை முறையில் விந்து செலுத்துவது) போடலாம். எச்.எஃப். கலப்புக்கு 260 முதல் 280 கிலோ. உங்கள் கொட்டகையிலேயே அந்தக் கிடேரியின் தாய் நின்றால் அதையே அளந்து அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியலையும்விட அது நம்பகமானது.

இருபத்திரண்டு கிலோவில் பிறந்த கன்று பதினாறு மாதத்தில் 240 கிலோ தொட வேண்டுமானால் நாளொன்றுக்கு சுமார் 450 கிராம் ஏற வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்றாம் மாதம் 60, ஆறாம் மாதம் 100, ஒன்பதாம் மாதம் 140, ஒரு வயதில் 185 கிலோ. சீம்பால் ஒழுங்காகக் குடிக்காத, பால் குறைத்து விடப்பட்ட கன்று மூன்றாம் மாதமே பின்தங்கிவிடும். கறவையில் மிச்சம் பிடித்த அந்த ஒரு லிட்டர் பாலுக்கு, பின்னால் பல மாதத் தீவனமாக வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

3. டேப்பால் எடை எடுப்பது

காலையில், தீவனமும் தண்ணீரும் காட்டும் முன் எடுங்கள். தண்ணீர் குடித்து வயிறு நிரம்பிய மாட்டுக்கும் வெறும் வயிற்று மாட்டுக்கும் பத்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். சமதளத்தில், நான்கு காலும் நேராக ஊன்றி, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

முதல் அளவு மார்புச் சுற்றளவு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், திமிலை ஒட்டிய பின்பகுதி வழியாக டேப்பைச் சுற்றுங்கள். தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது.

இரண்டாவது உடல் நீளம். தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பின்பக்கம் வாலுக்குக் கீழே பக்கவாட்டில் துருத்தும் எலும்பு வரை. கழுத்திலிருந்தோ வால் நுனி வரையோ அளப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கணக்கு முப்பது நாற்பது கிலோ கூடிவிடும், வீட்டுக்காரரும் சந்தோஷமாகச் சினை ஊசிக்குப் போன் போடுவார்.

இரண்டையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 52, நீளம் 44 என்றால் 180 கிலோ. சுற்றளவு 58, நீளம் 48 என்றால் 245 கிலோ. இரண்டு மாட்டையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே உயரமாகத்தான் தெரியும். கண்ணை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு தராசு இல்லை, கொஞ்சம் முன்பின் இருக்கும். பரவாயில்லை. மாதம் ஒருமுறை ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி அளந்தால் ஏறுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

வயிறு பெருத்த கிடேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் பானை போலத் தொங்கும் வயிறு, கரடுமுரடான மயிர், முதுகுத்தண்டில் கை வைத்தால் முள் முள்ளாக எலும்பு. "நல்லா வளர்ந்திருக்கு பாருங்க" என்று காட்டுவார்கள். வைக்கோலை மட்டும் தின்று புழுவோடு வாழும் கன்று அது. மார்பில் டேப் சுற்றினால் உண்மை வெளியே வரும்.

4. பணம் செலவழிக்கும் முன் ஒரு பரிசோதனை

சில கிடேரிகள் என்ன போட்டாலும் சினையாகாது. அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியா என்று கேளுங்கள். கருவில் இரண்டின் ரத்தமும் கலப்பதால் பெண் கன்றின் கருப்பை, சினைப்பை சரியாக உருவாவதில்லை. இப்படிப் பிறந்தவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடுதான். அறை (பிறப்புறுப்பின் வெளிவாய்) சிறுத்து, கீழ்முனையில் மயிர் கொத்தாக இருந்தால் சந்தேகப்படலாம். உறுதி செய்ய மருத்துவர் கை பட வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. மேய்ச்சலுக்குப் போகும் கிடேரி ஏற்கெனவே சினையாக இருக்கலாம். ஊர்க்காளை எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது. "பருவத்துக்கே வரவில்லை" என்று கொண்டுவரப்படும் மாடு நான்கு மாதச் சினையாக இருப்பது அபூர்வமில்லை. பரிசோதிக்காமல் பருவ ஊசி போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே மேய்ச்சல் கிடேரிக்குச் சினைப் பரிசோதனை முதலில்.

மூன்றாவதாக, மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கருப்பையையும் சினைப்பையையும் தொட்டுப் பார்த்து "சின்னதாக இருக்கிறது, வளரவில்லை" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது எடைக் குறையின் இன்னொரு முகம். எடை ஏறினால் அதுவும் வளரும்.

5. புழுவையும் உண்ணியையும் முதலில் இறக்குங்கள்

தீவனத்துக்கு முன் இதைச் செய்யச் சொல்வதன் காரணம் எளிது. குடலில் புழு இருக்கும்போது போடும் புண்ணாக்கில் ஒரு பங்கு புழுவுக்குத்தான்.

கன்றாக இருக்கும்போது பிறந்து பத்துப் பதினைந்து நாளில் முதல் மருந்து, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது நம் ஊர் வழக்கம். வளர்ந்த கிடேரிக்கு ஒருமுறையாவது சாணத்தைப் பரிசோதித்துவிட்டுக் கொடுங்கள். தீப்பெட்டி அளவு புதுச் சாணம் போதும், கால்நடை மருந்தகத்தில் பார்த்துத் தருவார்கள். ஏரி, வாய்க்கால் ஓரம் மேயும் மாட்டுக்குத் தட்டைப்புழு இருக்கும். உருண்டைப் புழுவுக்கு மட்டுமான மருந்து அதைத் தொடாது. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கினால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. 180 கிலோ மாட்டுக்கு 100 கிலோவுக்கான மருந்தை ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். டேப் இங்கேயும் உதவும். ஒரே மருந்தை வருடக்கணக்கில் ஓட்டாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

கலப்பினத்துக்கு உண்ணி பெரிய எதிரி. ரத்தம் குடிப்பதோடு தைலேரியா போன்ற ரத்த ஒட்டுண்ணிகளையும் கொண்டுவருகிறது. மாட்டின் மேல் மருந்து தெளித்துவிட்டுச் சுவர் விரிசலை விட்டுவிட்டால் பத்து நாளில் பழைய கதைதான். சுவருக்கும் தரைக்கும் சேர்த்து அடியுங்கள், சுண்ணாம்பு பூசுங்கள்.

தடுப்பூசியும் இந்தப் பட்டியலில்தான் வரும். கருச்சிதைவு நோய்க்கான புருசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதத்துக்குள், கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒருமுறை. அரசே இலவசமாகப் போடுகிறது. வயது தாண்டிவிட்டால் போடக் கூடாது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சினை ஊசி போடும் நாளை ஒட்டி வராதபடி திட்டமிடுங்கள், சில மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும்.

6. தீவனம்: இங்கேதான் வேலை

கிடேரி கறப்பதில்லை. அதனால் கறவை மாட்டுக்குப் போட்டது போக மிச்சம்தான் அதற்கு. பெரும்பாலான கொட்டகைகளில் சிக்கல் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. கறவை தின்று ஒதுக்கிய வைக்கோல், தொட்டியில் அடிமண்டிய தவிட்டுத் தண்ணீர், அவ்வளவுதான்.

நெல் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். அது வயிற்றை நிரப்பும், உடம்பை ஏற்றாது. வளரும் கிடேரியின் மொத்தத் தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், பதினொன்று பன்னிரண்டு சதவீதமாவது புரதம் வேண்டும்.

இருநூறு கிலோ கிடேரிக்கு ஒரு நாளைக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள்: கம்பு நேப்பியர் புல் (கோ 4 அல்லது கோ 5) 12 கிலோ, வேலிமசால் (பயறு வகைத் தீவனச் செடி) அல்லது அகத்தி 3 கிலோ, வைக்கோல் ஒன்றரை கிலோ, அடர்தீவனம் ஒன்றேகால் கிலோ. வேலிமசால் இல்லாதவர்கள் அடர்தீவனத்தை இரண்டு கிலோவுக்குக் கொண்டுபோக வேண்டும். வேலிமசாலை வரப்பில் விதைத்தால்கூட வரும். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடர்தீவனத்தை வீட்டிலேயே கலப்பவர்களுக்கு நூறு கிலோ கணக்கு: மக்காச்சோளம் 35, தவிடு 30, கடலைப் புண்ணாக்கு 16, தேங்காய்ப் புண்ணாக்கு 16, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு அரையுங்கள். முழுதாகப் போட்டால் சாணத்தில் அப்படியே வரும். கடலைப் புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள், பச்சையோ கறுப்போ பூசணம் இருந்தால் விலை மலிவு என்று வாங்காதீர்கள். அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும்.

புதுத் தீவனத்தை ஒரே நாளில் கொட்ட வேண்டாம். இருநூறு கிராமில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூட்டுங்கள். இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக வேண்டும். இல்லையென்றால் அமிலம் ஏறிக் கழிச்சல் ஆகும், மாடு தீவனத்தையே வெறுத்துவிடும். பூக்காத இளஞ்சோளத்தட்டு, அதிலும் வெயிலில் வாடியது, வேண்டவே வேண்டாம். அதில் உள்ள நஞ்சு, உதவிக்கு ஆள் வரும் முன்னாலேயே மாட்டைச் சாய்த்துவிடும்.

ஏற்கெனவே சொன்ன 180 கிலோ கிடேரி 240 தொட, நாளுக்கு 500 கிராம் ஏறினாலும் 120 நாள் ஆகும். நான்கு மாதம். "நல்லாத்தான் போடறேன், ஒரு மாசமாச்சு, ஒண்ணும் காணோம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். போட்ட ஒரு மாதத் தீவனமும் வீண். தொடங்கும் முன்பே நான்கு மாதக் கணக்கைப் போட்டு, கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கன்றுப் பருவத்தில், பருவம் வரும் முன், புண்ணாக்கையும் சோற்றையும் கஞ்சியையும் அள்ளி வைத்துக் கொழுக்க வைத்தால் மடியில் பால் சுரக்கும் திசு வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு சேரும். சீக்கிரம் பருவத்துக்கு வரும், ஆனால் கறவையில் காட்டிக்கொடுக்கும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் லேசாக அழுத்தினால் தட்டுப்படும் அளவே சரியான உடல்வாகு.

7. தாது உப்பு

நாளுக்கு 25 முதல் 30 கிராம். தானுவாஸ் (தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்) கலவையோ வேறு நல்ல கலவையோ, தினமும் போவதுதான் முக்கியம். வைக்கோல் அதிகம் தின்னும் மாட்டுக்குப் பாஸ்பரஸும், செம்பும் துத்தநாகமும் பற்றாது. இவை குறைந்தால் சினைப்பை மந்தமாகும். மண்ணையும் சுவரையும் கயிற்றையும் நக்குகிற, துணியைத் தின்கிற கிடேரி இந்தக் குறையை வாய்விட்டுச் சொல்கிறது.

தொட்டித் தண்ணீரில் கலந்தால் அடியில் தங்கிவிடும். அடர்தீவனத்தில் பிசிறிக் கொடுங்கள். தாது உப்பை மட்டும் போட்டுவிட்டுத் தீவனத்தைக் கூட்டாமல் இருப்பவர்களுக்கு: அது சாப்பாட்டுக்கு மாற்று இல்லை.

8. கட்டிப்போட்ட மாடு கத்தினாலும் தெரியாது

நான்கு மாதம் கழித்து எடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் "வரவில்லை" என்பார்கள். இந்தக் கட்டத்தில் பாதிப் பேரின் கிடேரிக்குப் பருவம் வந்துவிட்டது, அவர்கள் பார்க்கவில்லை.

முதன்முறை சினைமுட்டை வெளியாகும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. அதன்பின் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும். கிடேரியில் பருவம் பன்னிரண்டு மணி நேரத்தில்கூட முடிந்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் குறுகும். இரவில் தொடங்கி விடியும் முன் உச்சத்துக்குப் போவது அதிகம். எட்டு மணிக்குச் சாணி அள்ளப் போகும்போது எல்லாம் அடங்கியிருக்கும்.

காலை ஐந்து ஐந்தரைக்கு ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் காலையும் மாலையும் அரை மணி நேரம் மற்ற மாடுகளோடு அவிழ்த்து விடுங்கள். மற்ற மாட்டின் மேல் தாவுவது தொடக்கம். மற்ற மாடு தன் மேல் தாவும்போது நகராமல் நின்று கொடுப்பதுதான் உறுதியான அறிகுறி.

ஒற்றைக் கிடேரி வைத்திருப்பவர்கள் வாலைப் பாருங்கள். கண்ணாடி போன்ற வழும்பு (சளி) தொங்கினால் சந்தேகமே இல்லை. அது தொங்குவதைப் பார்க்காவிட்டாலும், காய்ந்து வால் மயிரிலும் பிட்டத்திலும் பளபளவென்று ஒட்டியிருக்கும், மயிர் நான்கைந்தாகச் சேர்ந்து விறைத்திருக்கும். படுத்து எழுந்த இடத்தில் தரையிலும் தேடுங்கள். அறையின் சுருக்கம் மறைந்து தடித்திருக்கும், விலக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்திருக்கும். தீவனம் குறையும், அடிக்கடி சிறுகச் சிறுக மூத்திரம் போகும். எல்லாக் கிடேரியும் கத்தாது. கத்தலை மட்டும் எதிர்பார்த்து இருந்தால் பல சுற்று தப்பிப் போகும்.

வழும்பு வெள்ளையாகவோ சீழ் கலந்தோ இருந்தால் அந்தச் சுற்றில் சினை ஊசி வேண்டாம், கருப்பையில் தொற்று இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

9. ரத்தம் கண்டால் காலண்டரை எடுங்கள்

வாலில் ரத்தக் கறை, தரையில் ரத்தத்தோடு சளி. பதறிப்போய்ப் போன் செய்வார்கள். கிடேரிகளில் பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளில் லேசாக ரத்தம் கசிவது சாதாரணம். நோயில்லை. சினை ஊசி போட்டிருந்தால் தங்கவில்லை என்றும் அர்த்தமில்லை, தங்கிவிட்டது என்றும் அர்த்தமில்லை.

இதனால் ஒரு லாபம் உண்டு. பருவத்தைத் தவறவிட்டவருக்கு இது கையில் கிடைத்த துப்பு. ரத்தம் பார்த்த நாளைக் குறித்து, பதினாறாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள் வரை காலையும் இரவும் தவறாமல் பாருங்கள். ரத்தம் கண்ட அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சினை ஊசி போடச் சொல்வது வீண், முட்டையின் காலம் கடந்துவிட்டது.

10. ஊசிக்கு எப்போது போவது

எடை சரி, புழு இல்லை, தாது உப்பு போகிறது, இரண்டு சுற்று, அதாவது ஒன்றரை மாதம், ஒழுங்காகக் கவனித்தும் ஒன்றும் தெரியவில்லை, வயது இருபது மாதத்தைத் தாண்டிவிட்டது. இப்போது மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அவர் சினைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். முட்டை வெளியான அடையாளமாகிய மஞ்சள் திசு இருந்தால், கிடேரி ரகசியமாகப் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அப்போது புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் சில நாளில் பருவம் வெளிப்படும். அந்தத் திசு இல்லாத கிடேரிக்கு அதே ஊசியைப் போட்டால் எதுவும் நடக்காது. "ஊசி போட்டும் வரல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பரிசோதிக்காமல் கடையில் வாங்கிப் போட்டிருப்பார்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது, தோல் வழியாகவே உடலுக்குள் போகும்.

சினைப்பை வழவழவென்று, செயல்படாமல் இருந்தால், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தரும் சாதனத்தைப் பிறப்புறுப்பினுள் ஏழெட்டு நாள் வைத்து எடுக்கும் முறை உண்டு. எடை நெருங்கிய கிடேரிக்கு இது நன்றாக வேலை செய்யும். 170 கிலோ கிடேரிக்கு வைத்தால் ஒரு தடவை பருவம் வந்தாலும் வரும், அடுத்த சுற்றில் மீண்டும் அடங்கிவிடும்.

முள்ளங்கி, சோற்றுக் கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று நாள் கணக்கில் கொடுக்கும் மூலிகை முறையையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் முறையே பருவம் வந்த நாளிலிருந்து தொடங்குவது, சினை நிற்காத மாடுகளுக்கானது. பருவமே வராத, எடை குறைந்த கிடேரிக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. முளைகட்டிய பயறு கொடுப்பது நல்ல தீவனம், அந்த அளவில் நல்லது.

11. எந்தப் பருவத்தில், எந்த விந்து

முதல் பருவத்தைக் கண்டதும் ஓடாதீர்கள். குறித்துவையுங்கள். இரண்டு சுற்றுப் போய் மூன்றாவதில் போட்டால் தங்கும் வாய்ப்பு கூடும், கருப்பைக்கும் நாற்பது நாள் கிடைக்கும். எடை 240-ஐத் தாண்டியிருந்து, ஏற்கெனவே பல சுற்றைத் தவறவிட்டிருக்கலாம் என்றால் காத்திருக்க வேண்டியதில்லை.

காலையில் பருவம் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். முட்டை வெளியாவது பருவம் அடங்கிய பிறகுதான், விந்து அதற்குச் சில மணி நேரம் முன் உள்ளே தயாராக இருக்க வேண்டும். கண்டவுடன் போடச் சொல்லி நச்சரிப்பதும், மறுநாள் மதியம் வரை தள்ளுவதும் இரண்டுமே தவறு.

ஊசி போடுபவர் உறைந்த விந்துக் குச்சியை எப்படி உருக்குகிறார் என்று பாருங்கள். 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம். வாயில் வைத்தோ, கையில் உருட்டியோ, வெயிலில் காட்டியோ அல்ல. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், வெந்நீர் பிளாஸ்க்கை நீங்களே தயாராக வைத்திருந்தால் பேச்சே வராது.

ஜெர்சி கலப்புக் கிடேரிக்கு முதல் ஈற்றில் ஜெர்சி விந்தே போதும். பால் அதிகம் வரும் என்று எச்.எஃப். போட்டால் கன்று பெரிதாகி, ஈனும்போது இடுப்பு எலும்பில் மாட்டிக்கொள்ளும். பெண் கன்று தரும் பாலினம் பிரித்த விந்தைப் போட விரும்பினால், நல்ல எடையோடு ஒழுங்காகச் சுற்று வரும் கிடேரிக்கே போடுங்கள். அதில் விந்தணு எண்ணிக்கை குறைவு, தங்கும் வாய்ப்பும் குறைவு.

12. ஊசி போட்ட பிறகு

பதினெட்டாம் நாளிலிருந்து மீண்டும் கவனிப்பு. பருவம் திரும்பவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு செய்யாதீர்கள். அறுபதிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மருத்துவர் கையால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மருந்தகத்துக்கு ஓட்டிப்போக முடியாதவர்கள் 1962-க்கு அழைத்து நடமாடும் வாகனம் வருமா என்று கேட்கலாம்.

முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கருவுக்கு ஆகாது. புழு மருந்து அவசியம் என்றால் சினை ஊசி போட்ட தேதியைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

சினை உறுதியானதும் தீவனத்தைக் குறைப்பது வழக்கமாகிவிட்டது, "இனி என்ன, நின்னுடுச்சே" என்று. 240 கிலோவில் சினையான கிடேரி ஈனும்போது 320 கிலோவையாவது தொட வேண்டும். தன் வளர்ச்சி ஒரு பக்கம், வயிற்றுக் கன்று ஒரு பக்கம். இங்கே குறைத்தால் கன்று ஈன்ற பிறகு அடுத்த பருவம் ஆறேழு மாதம் தள்ளிப்போகும். ஆகவே அதே அடர்தீவனத்தைத் தொடருங்கள், மாதாந்திர டேப்பையும் நிறுத்த வேண்டாம். ஏழாம் மாதத்திலிருந்து மருத்துவரிடம் கேட்டு அளவை ஏற்றுங்கள்.